உருண்டையின் முன் வாயடைத்து நின்ற வாசகிக்கு: பிஎச்டி தகுதித் தேர்வில் இரண்டாம் வாய்ப்பு

இயந்திரப் பொறியியலில் பிஎச்டி செய்யும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 28, இரண்டாம் ஆண்டு. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய துறையில் ஆய்வைத் தொடர வேண்டுமானால் மூன்று பாடங்களில் தகுதித் தேர்வு தேற வேண்டும். கணிதம் எழுத்துத் தேர்வு. அதில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (திரவம், வாயு போன்ற பாய்மங்களின் இயக்கவியல்), ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பப் பரிமாற்றம்) இரண்டும் வாய்மொழித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, போர்டு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டிலும் தேறவில்லை. நான்கு மாதம் கழித்து இரண்டாவது வாய்ப்பு. அதிலும் தவறினால் பிஎச்டியைத் தொடர முடியாது என்பது விதி.

தேர்வறையில் நடந்ததை அவர் இப்படி எழுதுகிறார்: “ஓர் உருண்டையை வரைந்து, ‘இதன் மேல் காற்று வீசுகிறது. இதைப் பின்னுக்கு இழுக்கும் விசை எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்டார்கள். நான் பாய்ம ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைக் கோள ஆயத்தில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் ஓர் உறுப்பு நினைவுக்கு வரவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். ஒருவர், ‘அது இருக்கட்டும்மா, வேகத்தை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்?’ என்றார். கிண்டல் செய்கிறார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு வாயே திறக்க வரவில்லை.”

எட்டு மாதம் படித்திருக்கிறார். எல்லாப் பாடநூல்களையும் இரண்டு முறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் வண்ணக் கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து மூன்றாவது முறை தொடங்கலாமா என்று கேட்கிறார். தேர்வுக் குழு பாரபட்சமாக நடந்தது என்று மேல்முறையீடு செய்யலாமா? மாநாட்டுக் கட்டுரைக்கான சோதனைகளை முடித்துக் கொடுக்கச் சொல்லி கைடு நெருக்குகிறார். அவரிடம் என்ன சொல்வது? சீனியர்கள் தரும் பழைய கேள்விகளை வாங்குவது தவறா? இரவில் விழித்துப் படிக்கத் தோழி ஒருத்தி தன் மாத்திரையில் பாதி தருகிறாள், அது பரவாயில்லையா? தவறிவிட்டால் இத்தனை ஆண்டும் வீண்தானா? பெற்றோருக்குத் தெரியாது, கணவருக்கு மட்டுமே தெரியும்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுக்கப்போவதில்லை. முதலில் அந்த உருண்டையைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்ற எல்லாவற்றுக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பேராசிரியர் கிண்டல் செய்யவில்லை. உங்களுக்குக் கை கொடுத்தார். அதே மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மாணவர் ஒரு வழியில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது, தேர்வாளர் அந்த வழியை மூடிவிட்டு எளிதான இன்னொன்றைக் காட்டுவார். “அது இருக்கட்டும்” என்றால் “சமன்பாடு வேண்டாம், அதற்காக மதிப்பெண் குறைக்கமாட்டேன், இந்தப் பக்கம் வா” என்று பொருள். நீங்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதால் வந்த உதவி வீணாயிற்று.

அந்தக் கேள்விக்கு முதல் வாக்கியமாக “அது ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்தது” என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட எதிரே மூன்று தலைகள் ஆடியிருக்கும். ஓட்டத்தில் பாய்மத்தின் பிசுபிசுப்பைவிட அதன் நிலைமம் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று சொல்லும் எண் அது. பிறகு மெதுவாகப் பிரித்திருக்கலாம். ரெனால்ட்ஸ் எண் 1-ஐவிட வெகு குறைவாக, தேனில் மெல்ல இறங்கும் சிறு மணி போல இருந்தால், ஸ்டோக்ஸ் 1851-ல் தந்த விதி பொருந்தும்: விசை வேகத்துக்கு நேர்விகிதம். வேகம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். ரெனால்ட்ஸ் எண் ஆயிரம் முதல் சுமார் இரண்டு லட்சம் வரை இருந்தால் கதை வேறு. உருண்டைக்குப் பின்னால் ஓட்டம் பிரிந்து, ‘வேக்’ எனப்படும் சுழல்கள் நிறைந்த அகலமான பின்தடம் உருவாகிறது; முன்பக்கத்து அழுத்தத்துக்கும் பின்பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இழுவையின் பெரும்பகுதி. இழுவையை வேகத்தின் வர்க்கத்தோடு இணைக்கும் இழுவைக் கெழு 0.4, 0.5 என்று ஏறக்குறைய நிலையாக நிற்கும். ஆகவே விசை நான்கு மடங்கு. அந்த வேகத்தைத் தாக்குப்பிடிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு.

சுவாரசியம் அதற்கு மேல்தான் இருக்கிறது. வழவழப்பான உருண்டைக்கு ரெனால்ட்ஸ் எண் இரண்டு லட்சத்தைத் தாண்டிச் சற்று மேலே போனதும் அதன் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய ஓட்ட அடுக்கான பவுண்டரி லேயர் டர்புலன்ட், அதாவது கொந்தளிப்பானதாக, ஆகிறது. டர்புலன்ட் லேயர் சுவரருகே அதிக உந்தத்தைக் கொண்டுவருவதால், எதிர்க்கும் அழுத்தத்தை நீண்ட தூரம் சமாளித்துப் பின்னுக்குத் தள்ளிப் பிரிகிறது. வேக் சுருங்குகிறது. கெழு 0.1 அளவுக்கு விழுகிறது. அந்த எல்லையைத் தாண்டும்படி வேகத்தை இரட்டித்தால் விசை ஏறாமலேயே இருக்கலாம். சற்றுக் குறையவும் செய்யலாம். கோல்ஃப் பந்தின் மேல் குழிகள் இருப்பது இதே மாற்றத்தைக் குறைந்த வேகத்திலேயே வரவழைக்க.

இதில் எங்கேயாவது கோள ஆயத்தின் அந்த மறந்துபோன உறுப்பு தேவைப்பட்டதா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். உராய்வில்லாத பாய்மக் கோட்பாட்டை வைத்துக் கணக்கிட்டால் இழுவை பூஜ்யம் என்று வருகிறதே என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் டாலம்பேர் 1752-ல் திகைத்து எழுதினார். அதை உள்ளபடி விளக்கும் பவுண்டரி லேயர் கருத்து ஜெர்மானியப் பொறியியலாளர் பிராண்டில் 1904-ல் வாசித்த கட்டுரையில்தான் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு! அந்தக் கேள்வியின் முன் வாயடைத்து நின்றவர்களின் வரிசை நீளமானது. நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தேர்வு எதைப் பார்க்கிறது

“நான் போதுமான அளவு படிக்கவில்லை” என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எட்டு மாதம் படித்தவருக்குப் படிப்பு போதாமல் இல்லை. படித்த விதம் இந்தத் தேர்வுக்குப் பொருந்தவில்லை.

தகுதித் தேர்வுக் குழு மனத்தில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே: இன்னும் சில ஆண்டுகளுக்கு ஓர் ஆய்வை இவர் கையில் கொடுக்கலாமா? ஆய்வில் வரும் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இருக்காது. தெரியாத இடத்தில் நிற்கும்போது, தெரிந்த அடிப்படையிலிருந்து அங்கே நடந்துபோக இவருக்கு வருமா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போவார்கள். எல்லா வாய்மொழித் தேர்வும் ஏதோ ஓர் இடத்தில் “தெரியவில்லை” என்பதில்தான் முட்டி நிற்கும். நன்றாகத் தேறியவர்களுக்கும் அப்படித்தான். தவறான பதிலைத் திருத்தலாம், பாதிப் பதிலுக்குப் பாதி மதிப்பெண் தரலாம். மௌனத்துக்கு எதுவும் தர முடியாது. குழுவின் கையில் அதற்கு ஆதாரமே இல்லை.

ஆனால் பதற்றம்தான் முழுக் காரணம் என்றும் ஆறுதல் தேடிக்கொள்ள வேண்டாம். ஹீட் டிரான்ஸ்ஃபர் தேர்வைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பாருங்கள். சூடான உலோகக் குண்டைத் தண்ணீரில் போட்டால் அதன் உள்ளே வெப்பநிலை எங்கும் ஒன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். “பயோ எண் 0.1-க்குக் கீழே இருந்தால் ஒன்றாக இருக்கும்” என்று உடனே சொல்லியிருக்கிறீர்கள். சரிதான். “பயோ எண் எதை எதோடு ஒப்பிடுகிறது?” என்றதும் தடுமாறியிருக்கிறீர்கள். உள்ளே கடத்தலுக்கு உள்ள தடையை, மேற்பரப்பிலிருந்து பாய்மத்துக்கு வெப்பம் போவதற்கு உள்ள தடையோடு ஒப்பிடுகிறது. அடுத்து, “நஸல்ட் எண்ணுக்கும் அதே வடிவம்தானே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டிருப்பார்கள், அது வாய்மொழித் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. பயோ எண்ணில் கடத்துதிறன் திடப்பொருளுடையது; பாய்மத்தின் பக்கத்து வெப்பப் பரிமாற்றத்தை அளக்கும் நஸல்ட் எண்ணில் அது பாய்மத்துடையது. 0.1 என்ற எண் உங்களிடம் இருந்தது. அது ஏன் 0.1 என்பது இல்லை. இது பதற்றத்தால் வந்த குறையல்ல. வாசித்து மனத்தில் தங்கியதற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவே உள்ள இடைவெளி அது. நான்கு மாதத்தில் அதை நிரப்ப முடியும்.

மூன்றாவது வாசிப்பு வேண்டாம்

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் வண்ணக் கோடுகளுக்கு நேரான பதில். ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரே அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: அவர்களுக்கு நினைவிருந்தது ஏறக்குறைய 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்ப வாசிக்கும்போது “இது எனக்குத் தெரியுமே” என்ற உணர்வு வருகிறது. அந்த உணர்வைத்தான் நாம் அறிவென்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆகவே புத்தகம் மூடியே இருக்கட்டும். ஒரு வெள்ளைப் பலகை, ஒரு பேனா, உங்கள் குரல்: தயாரிப்பின் பெரும்பகுதி இவற்றோடுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது, இருபத்தைந்து அடிப்படைக் கேள்விகளை எழுதி வையுங்கள். கணக்குகளாக வேண்டாம், “ஏன்” என்று தொடங்கும் கேள்விகளாக இருக்கட்டும். பெர்னூலி சமன்பாடு எந்தெந்த இடத்தில் செல்லாது? குழாய்க்குள் முழுமையாக வளர்ந்த லேமினார் (கொந்தளிப்பில்லாத) ஓட்டத்தில் நஸல்ட் எண் ஏன் ரெனால்ட்ஸ் எண்ணைச் சார்ந்திருப்பதில்லை? சுவர் வெப்பநிலை நிலையாக இருந்தால் 3.66, வெப்பப் பாயம் (ஹீட் ஃப்ளக்ஸ்) நிலையாக இருந்தால் 4.36, இரண்டாவது ஏன் பெரியது? மெல்லிய கம்பிக்கு வெப்பக்காப்பு போட்டால் வெப்ப இழப்பு கூடக்கூடுமா? இந்த எண்களை யாரும் உங்களிடம் ஒப்பிக்கச் சொல்லமாட்டார்கள். காரணத்தைக் கேட்பார்கள்.

ஒரு கேள்வியை எடுங்கள். யாரும் இல்லாத வகுப்பறையில், சத்தமாக, பதினைந்து நிமிடம் பேசுங்கள். பேசி முடித்த பிறகு மட்டுமே புத்தகத்தைத் திறந்து எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள். முதல் வாரம் கொடுமையாக இருக்கும். எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, இப்போது எதுவுமே தெரியாத மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அந்தக் கட்டத்தில்தான் பலர் மறுபடி வாசிப்புக்கே ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள்.

திங்கள் முழுக்க ஃப்ளூயிட், செவ்வாய் முழுக்க ஹீட் என்று பிரித்துப் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்று வாரத்துக்கு அது சரி. பிறகு கேள்விகளைக் கலந்து, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல எடுங்கள். ரோரர், டெய்லர் இருவரும் 2007-ல் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், வகைவாரியாகப் போட்டுப் பார்த்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள்; கலந்து போட்டவர்கள் பிந்தைய தேர்வில் நன்றாகச் செய்தார்கள். உங்களுக்குத் தேவை பின்னதுதான். தேர்வறையில் எந்தக் கேள்வியும் “நான் ஐந்தாவது அத்தியாயத்திலிருந்து வருகிறேன்” என்று சொல்லிக்கொண்டு வராது.

மேல்நிலைப் பாடநூல்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுங்கள். தேர்வாளர்கள் சுற்றிச் சுற்றி இளநிலைப் பாடங்களுக்கே வருவார்கள். கன்ட்ரோல் வால்யூமை (கணக்குக்காக எல்லை போட்டுக்கொள்ளும் பகுதியை)ச் சரியான இடத்தில் வரையத் தெரியாமல் தவறியவர்களே அதிகம்; டர்புலன்ஸ் மாடலிங் தெரியாததால் தவறியவர்கள் அரிது. இது என் அனுபவத்தில் கண்டது. உங்கள் துறையில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறலாம்.

வாய் திறக்க ஒரு பழக்கம்

உறைந்துபோவதற்கு மருந்து தைரியம் அல்ல. நாக்குக்கும் கைக்கும் முதல் இரண்டு நிமிடத்துக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். எந்தக் கேள்வி வந்தாலும் இந்த வரிசையில் தொடங்குங்கள்:

1. கேள்வியை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேளுங்கள். ஆங்கிலச் சரளம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். இது அதற்கும் உதவும். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பதற்கு மதிப்பெண் குறையாது. ஒத்திகைகளை மட்டும் தேர்வு நடக்கும் மொழியிலேயே செய்யுங்கள்.

2. படம் வரையுங்கள். அம்புக்குறி, அச்சுகள், எல்லைகள் எல்லாம் இருக்கட்டும்.

3. எதைப் புறக்கணிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்: நிலையான ஓட்டம், அமுக்கவியலாத பாய்மம், ஒரு பரிமாணம், இப்படி. ஏன் புறக்கணிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

4. சமன்பாடு எழுதுவதற்கு முன்னால் விடை எப்படி இருக்கும் என்று ஊகியுங்கள். கூடுமா, குறையுமா? எதைச் சார்ந்திருக்கும்?

விடை வந்த பிறகு அலகுகளைச் சரிபார்த்துவிட்டு, ஏதாவது ஒரு மதிப்பைப் பூஜ்யத்துக்கோ முடிவிலிக்கோ கொண்டுபோய் விடை நியாயமாக இருக்கிறதா என்று பாருங்கள். பலகை முன்னால் தானாகவே இதைச் செய்யும் மாணவரைக் கண்டால் தேர்வாளர்களின் முகமே மாறிவிடும். உண்மையாகவே ஒன்று தெரியவில்லையா? “இந்தத் தொடர்பு எனக்கு நினைவில்லை, ஆனால் ஆற்றல் சமன்பாட்டிலிருந்து வருவித்துப் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். வெறும் “தெரியாது” கதவை மூடிவிடும். “வருவித்துப் பார்க்கிறேன்” மூடாது.

வாரம் ஒருமுறை ஒத்திகை வையுங்கள். உங்கள் ஆய்வகத்துத் தோழர்கள் மட்டும் போதாது. அவர்கள் உங்கள் அரைகுறை வாக்கியத்தையும் புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார்கள். வேறு ஆய்வகத்திலிருந்து இருவரைப் பிடியுங்கள். நீங்கள் திணறினால் ஒரு நிமிடம் வரை யாரும் உதவக்கூடாது, அதன்பின் ஒரு குறிப்பு மட்டும் தரலாம் என்று விதி வையுங்கள். குறிப்பு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நகர்வதும் ஒரு பயிற்சிதான். உங்களுக்கு மிக அவசியமான பயிற்சி அதுவே. முடிந்தால் குழுவில் இல்லாத ஒரு பேராசிரியரையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள்.

நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், அறை சுழல்வது போன்றவை ஒத்திகையிலும் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரையோ பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். அதைச் சரிசெய்ய முடியும். மருத்துவச் சான்று இருந்தால் கூடுதல் நேரம், இடைவேளை போன்ற சலுகைகளைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. ஆனால் தேர்வுக்கு முன்னால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். முடிந்த பிறகு காரணமாகச் சொன்னால் எடுபடுவது கடினம்.

பழைய கேள்விகள்

துறை அலுவலகமோ மாணவர் மன்றமோ சேர்த்து வைத்திருக்கும் பழைய கேள்விகளும், சென்ற ஆண்டுகளில் எழுதிய சீனியர்கள் நினைவிலிருந்து சொல்பவையும் பெரும்பாலான இடங்களில் பிரச்சினையில்லை. சில துறைகள் தடை செய்திருக்கும். ஒருங்கிணைப்பாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். உங்களோடு அதே பருவத்தில் தேர்வெழுதும் ஒருவர், காலையில் தன்னிடம் கேட்டதை மதியம் போகும் உங்களிடம் சொன்னால் விஷயம் வேறு. அதைக் கேட்டுக்கொள்வதே கல்வி ஒழுங்கு மீறல். தேர்வில் தவறுவதைவிட மோசமான முடிவுக்கு அது கொண்டுபோய் விடும்.

கைடிடம் என்ன சொல்வது

அவரைப் பகையாளியாக நினைக்க வேண்டாம். உங்கள் காவலராகவும் நினைக்க வேண்டாம். நீங்கள் தேறாவிட்டால் அவருக்கும் நட்டம்: இரண்டாண்டு பயிற்சி கொடுத்த ஆளை இழப்பார். ஆனால் மாநாட்டுக் கெடு அவர் கண்முன் நிற்கிறது, உங்கள் தேர்வு நான்கு மாதம் தள்ளி இருக்கிறது. மனித சுபாவம் அப்படித்தான். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதவரை சோதனைகள் தேர்வு நாள்வரைக்கும் இழுத்துக்கொண்டே போகும்.

“நேரம் வேண்டும்” என்று பொதுவாகக் கேட்காமல் தேதியோடு போங்கள்: “சார், இந்த மாதக் கடைசிக்குள் இந்த இரண்டு சோதனைகளை முடித்துத் தருகிறேன். அதற்கடுத்த ஆறு வாரம் அரை நாள் ஆய்வகம், அரை நாள் படிப்பு. கடைசி நான்கு வாரம் முழுக்கப் படிப்புக்கு விடுங்கள். கட்டுரையின் வரைவை நான் திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.” அவர் சம்மதித்ததும் அன்று மாலையே “நாம் பேசியபடி” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சந்தேகத்தால் அல்ல, இரண்டு மாதம் கழித்து இருவருக்கும் நினைவு வேறுவேறாக இருக்கும். மறுத்துவிட்டால் துறையின் ஆராய்ச்சி மாணவர் ஒருங்கிணைப்பாளரிடம் போகலாம். அதைப் புகாராகக் கொண்டுபோகாமல், ஆலோசனை கேட்கப் போங்கள். உதவித்தொகை எதற்காகத் தரப்படுகிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்பதைத் தரும்போதே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாளை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.

மேல்முறையீடு

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம் தெரியவில்லை. விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆனாலும் பொதுவாக மேல்முறையீடு நடைமுறைப் பிழைக்குத்தான் உண்டு. அறிவித்த பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டது, குழுவில் இருக்க வேண்டிய எண்ணிக்கை குறைந்தது, குறித்த நேரத்துக்கு முன்பே முடித்தது, ஒப்புக்கொண்ட சலுகையைத் தராதது, பாலினத்தையோ பின்புலத்தையோ தொட்டுப் பேசியது போன்றவை அதில் அடங்கும். “என் பதில் தேறப் போதுமானது, அவர்கள் அப்படி நினைக்கவில்லை” என்பது கல்வித் தீர்ப்பு. அதில் மேல்முறையீட்டுக் குழுக்கள் கைவைக்கத் தயங்கும். உருண்டை பாடத்திட்டத்துக்குள்தான் இருக்கிறது. கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஏதாவது நடந்திருந்தால், குறிப்பாக உங்களைத் தனிப்பட்ட முறையில் இழிவாகப் பேசியிருந்தால், என் கருத்து மாறும். அப்போது தேதி, நேரம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

மேல்முறையீட்டுக்குப் பதிலாக, குழுவிடம் எழுத்துமூலக் கருத்துக் கேளுங்கள். எந்தப் பகுதியில் குறை, எதில் நிறைவு என்று இரண்டு பத்தி கிடைத்தாலும் அது எட்டு மாத வாசிப்பைவிட உதவும். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒருவரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அந்த மாத்திரை

இதில் சுற்றி வளைக்கப்போவதில்லை: நிறுத்துங்கள். தோழிக்குக் கவனக் குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தது என்று சொல்கிறீர்கள். மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்துகள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், பதற்றத்தைக் கூட்டும். பலகை முன் உறைந்துபோகும் ஒருவர் பதற்றத்தை விலைக்கு வாங்குவானேன்? பல நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சீட்டில்லாமல் வைத்திருப்பது உங்களுக்கும், கொடுப்பது அவளுக்கும் சட்டச் சிக்கல். வேற்று நாட்டு விசாவில் படிப்பவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்கே கவனக் குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது வேறு விஷயம்.

நான்கு மணி நேரத் தூக்கத்தில் படித்தது தங்காது. பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறது. காபியின் காஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலைக்குப் பிறகு குடிப்பதைக் குறைத்தாலே ஒரு வாரத்தில் வேறுபாடு தெரியும்.

தவறினால்?

இந்தக் கேள்வியை ஒத்திப்போடாமல் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. விடை தெரியாத பயம்தான் இரவில் எழுப்பிவிடுகிறது. பல பல்கலைக்கழகங்களில் தகுதித் தேர்வில் தேறாதவர்கள் முடித்த பாடங்களைக் கொண்டு முதுநிலைப் பட்டம் பெற்று வெளியேற வழி உண்டு. உங்கள் துறையில் உண்டா, அதற்கு இன்னும் எத்தனை பாடம் வேண்டும் என்று விதிநூலில் பாருங்கள். குழு விரும்பினால் நிபந்தனையுடன் தேர்ச்சி தரவோ, குறிப்பிட்ட ஒரு பாடத்தை எடுத்து முடிக்கச் சொல்லவோ சில இடங்களில் அதிகாரம் உண்டு. வேறு துறைக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ மாறி முனைவர் பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். உதவித்தொகை எந்தத் தேதியோடு நிற்கும், விசா இருந்தால் எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டையும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். “முதல் முறை தவறியது வேலைக்குப் போகும் இடமெல்லாம் தெரியுமே” என்று எழுதியிருந்தீர்கள். மதிப்பெண் பட்டியலில் தகுதித் தேர்வு முயற்சிகளை அச்சிடுவது வழக்கமில்லை. உங்கள் பல்கலைக்கழகம் விதிவிலக்கா என்று பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரு நாள் ஒதுக்குங்கள். தன்விவரக் குறிப்பையும் அன்றே புதுப்பித்துவிடுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் தேர்வு முடியும்வரை திறக்க வேண்டாம். பெற்றோரிடம் இப்போது சொல்வதா, பிறகு சொல்வதா என்பது உங்கள் விருப்பம். கணவரிடம் மறைக்கவில்லை என்பதே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. அவருக்குப் பொறியியல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பயோ எண் என்றால் என்ன என்று அவருக்குப் புரியும்படி பலகையில் விளக்குங்கள். “ஏன்?” என்று அவர் கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், தேர்வாளர்களும் அங்கேதான் கேட்பார்கள்.

எழுத்துமூலக் கருத்துக் கேட்கவும் மேல்முறையீடு செய்யவும் பல இடங்களில் முடிவு வந்த சில வாரங்களுக்குள் கெடு முடிந்துவிடும். உங்கள் முடிவு வந்த தேதியைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. இதை வாசித்ததும் முதல் வேலையாக விதிநூலில் அந்தக் கெடுவைப் பார்த்துவிட்டு, ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.